வெள்ளை வேர்க் காளான்: பெயர் வந்த வரலாறு



மலாயாவின் பால்மரத் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களைப் புரட்டினால், விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளைப் பற்றிப் படிக்கலாம். ரிட்லியின் விடாமுயற்சியையும், ரப்பர் விலை ஏறி இறங்கிய கதையையும், நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையையும் படிக்கலாம். ஆனால் மண்ணுக்கு அடியில் இருந்துகொண்டு அதே தோட்டங்களை வேரோடு தின்ற ஒரு காளானுக்கு அந்நூல்களில் ஓரிரு வரிகளே கிடைக்கும். வெள்ளை வேர் நோயை உண்டாக்கும் அந்தக் காளானின் வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறோம். அந்த வரலாறு தாள் உறைகளுக்குள் மடித்து, பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் காளானை அறிந்துகொள்வோம். காளான் என்றதும் மழை விட்ட மறுநாள் குடை விரித்து நிற்கும் மென்மையான வெண்காளான் நம் நினைவுக்கு வரும். இது அந்த வகை அன்று. மரத்தையே வீடாகவும் உணவாகவும் கொண்ட கெட்டியான காளான் இது. பட்ட மரத்தின் அடியிலும் பழைய கட்டைகளின் பக்கத்திலும், சுவரில் பதித்த தட்டைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக முளைத்தபோது மேற்புறம் செம்மஞ்சள் நிறமாகவும் ஓரம் வெண்மையாகவும் இருக்கும். அடிப்புறத்தைப் பார்த்தால் ஊசிமுனையால் குத்தியதுபோல் நுண்ணிய துளைகள் தெரியும். அத்துளைகளிலிருந்துதான் நுண்வித்துகள் காற்றில் பரவுகின்றன.

கண்ணுக்குத் தெரியும் இந்தத் தட்டு கடைசியாக வருவது. அதற்கு நெடுநாள் முன்பே வெள்ளை நூல்திரி போன்ற இழைகள் மண்ணுக்குள் வேரோடு வேராக ஒட்டிப் படர்ந்துவிடுகின்றன. நோயுற்ற மரத்தின் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தொடும் இடத்தில் அவை ஆறு தாண்டுவதுபோல் தாண்டிப் போகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளையும் இந்தக் காளான் சிதைத்துவிடும். வேர் வெளுத்து மெத்தென்று ஆகிவிடும். மேலே இலைகள் பளபளப்பு இழந்து மஞ்சளாகும். சில மரங்கள் பருவமில்லாத பருவத்தில் பூக்கும். பால்வெட்டுக்காரர் அதைக் கவனிக்கும் நேரத்தில் அடியில் வேலை முடிந்திருக்கும். அடுத்த காற்றில் மரம் சாயும்.

இனி அந்தப் பெட்டிகளின் பக்கம் போவோம். உலர்தாவரக் காப்பகம் என்று ஒன்று உண்டு. ஹெர்பேரியம் என்பது அதன் உலகப் பெயர். இலையும் பூவும் உள்ள செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி அங்கே வைப்பார்கள். காளானை அழுத்தினால் உருக் கெட்டுவிடும். ஆகையால் அதை வெட்டி உலர்த்தித் தாள் உறையில் இட்டு மடித்து வைப்பார்கள். உறையின்மேல் ஒரு சீட்டு ஒட்டப்படும். காளானின் பெயர், கிடைத்த இடம், எந்த மரத்தில் இருந்தது, எந்த நாள், யார் எடுத்தார், அவருடைய வரிசை எண் எது என்பவையெல்லாம் அதில் எழுதப்படும். இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் மட்டும் இப்படிப் பன்னிரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட காளான் மாதிரிகள் இருக்கின்றன. நம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் காப்பகத்தில் செடிகளும் பிறவும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை இலட்சம் மாதிரிகள் உள்ளன.

இந்த வெப்ப நாட்டில் மென்மையான காளானை உலர்த்தி வைப்பது எளிதன்று. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், கொஞ்சம் அசந்தால் வண்டு தின்றுவிடும். மரத்தட்டுக் காளான்களோ கட்டைபோல் கெட்டியானவை. அதனால் அவை நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்தும் உறைக்குள் உருக் குலையாமல் கிடக்கின்றன.

இந்தச் சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஓர் அறிஞர் வந்து மாதிரியை ஆராய்ந்து, பெயர் தவறு என்று கண்டால், பழைய சீட்டைக் கிழித்து எறிய மாட்டார். தம் முடிவை எழுதித் தம் பெயரையும் ஆண்டையும் இட்டு வேறொரு சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார். அடுத்தவர் வந்தால் இன்னொரு சீட்டு. இவ்வாறு ஒரே உறையில் நான்கைந்து பேருடைய கருத்துகள் வரிசையாக நிற்கும். யார் எப்போது என்ன நினைத்தார் என்பதை மறைக்காமல் காட்டும் இப்படிப்பட்ட பதிவேடு அரசாங்க அலுவலகங்களில்கூட அரிது.

நம் காளானின் பெயர்க்கதை பால்மரம் இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. சுவீடன் நாட்டு ஓலோஃப் சுவார்ட்ஸ் 1780களில் மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றித் திரிந்து செடிகளையும் காளான்களையும் சேகரித்தார். 1806இல் வெளிவந்த தம் நூலில் நுண்துளைகள் கொண்ட ஒரு மரக்காளானுக்கு பொலீட்டஸ் மைக்ரோபோரஸ் என்று பெயர் வைத்தார். மைக்ரோபோரஸ் என்றால் நுண்துளையன் என்று பொருள். பிறகு 1833இல் கிளாட்ஷ் என்ற ஜெர்மானியர் பிரிட்டிஷ்காரர்களின் தொகுப்புகளில் இருந்த அயல்நாட்டுக் காளான்களை ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் ஒன்றுக்குப் பாலிபோரஸ் லிக்னோசஸ் எனப் பெயரிட்டார். லிக்னோசஸ் என்றால் மரத்தன்மை உடையது. ஒருவர் பெயரிட்டது மற்றவர் பெயரிட்டதுதானா என்ற கேள்வி அன்று யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. அந்தக் காளானால் யாருக்கும் நட்டம் இல்லையே!

நட்டம் பின்னால் வந்தது. 1877இல் இருபத்திரண்டு பால்மரக் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, காண்பவரிடமெல்லாம் ரப்பர் நடச் சொன்னார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். அதன்பின் காடு காடாக வெட்டித் தோட்டமானது. அப்படி வெட்டும்போது பெருமரங்களின் அடிக்கட்டைகளையும் வேர்களையும் மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். அவற்றைத் தோண்டி எடுக்கக் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. காட்டில் காளான் என்றும் இருந்ததுதான். அங்கே நூறு வகை மரங்கள் கலந்து நின்றதால் அதன் பரவல் ஓர் அளவுக்குள் இருந்தது. இப்போது கட்டைகளில் அதற்கு நிறையச் சோறு கிடைத்தது. பக்கத்திலோ ஒரே இன மரங்கள் வரிசை வரிசையாக வேர் நீட்டி நின்றன.

1904இல் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலேயே பால்மரத்தின் வேரில் இந்தக் காளானைக் கண்டு பதிவு செய்தார். பால்மரத்தின் வெள்ளை வேர் நோய்க்கு இதுவே முதற்பதிவாகக் கொள்ளப்படுகிறது. மரத்தை நாட்டுக்குப் பரப்பிய அதே பூங்காவில், அதே மனிதரின் கண்ணில் நோயும் முதலில் பட்டது பொருத்தமே. ஆனால் அவர் குறித்த பெயர் ஃபோமெஸ் செமிடோஸ்டஸ். அது உண்மையில் வேறொரு காளானுக்கு பெர்க்லி என்ற ஆங்கில அறிஞர் வைத்த பெயர். 1912இல் மலாய்க் கூட்டரசு நாடுகளின் விவசாய இலாகாவைச் சேர்ந்த பான்கிராஃப்ட் இந்நோயைப் பற்றித் தனி வெளியீடு ஒன்று எழுதியபோதும் அந்தத் தவறான பெயரே தலைப்பில் நின்றது.

ரிட்லி போன்ற வல்லுநருக்கா இந்தத் தடுமாற்றம் என்று கேட்கலாம். விடை காளானிலேயே இருக்கிறது. மரத்தில் இருக்கும்போது செம்மஞ்சளாக ஒளிரும் இந்தத் தட்டு, உலர உலர நிறம் மங்கி வைக்கோல் நிறத்துக்கும் மர நிறத்துக்கும் வந்துவிடும். ஐரோப்பாவில் இருக்கும் பழைய மாதிரியோ உலர்ந்தது. கையில் இருக்கும் புதியதோ செழுமையானது. இரண்டையும் நிறத்தை வைத்து ஒப்பிட முடியாது. அதனால்தான் நல்ல சேகரிப்பாளர் காளானைக் கையில் எடுத்த அந்த இடத்திலேயே அதன் நிறத்தை எழுதிக்கொள்வார். நிறம் எழுதாத சீட்டு பாதிச் சீட்டு என்பேன்.

இலங்கையில் பேராதனையில் பணியாற்றிய டாம் பெட்ச், தேயிலை, ரப்பர் இரண்டின் நோய்களையும் ஆராய்ந்தவர். 1921இல் வெளிவந்த ரப்பர் மர நோய்களைப் பற்றிய அவருடைய நூலில் இது ஃபோமெஸ் லிக்னோசஸ் என்ற பெயரில், அதாவது கிளாட்ஷ் 1833இல் வைத்த அடைமொழியோடு வருகிறது. நம் தோட்டத் துரைமார்களும் கிராணிமார்களும் நெடுங்காலம் சொல்லிவந்த பெயரும் ஃபோமெஸ்தான். 1924இல் ஜாவாவைக் களமாகக் கொண்ட டச்சுக்காரர் வான் ஓவரீம், சுவார்ட்ஸின் பழைய நுண்துளையனும் இதுவும் ஒன்றே என்னும் கருத்துக்கு இடந்தரும்படி ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்ற பெயரை அமைத்தார். இன்று ஆய்வேடுகளில் காண்பது இந்தப் பெயரே.

பெயர் மாறியதால் மண்ணில் இருந்தவனுக்கு என்ன வந்தது? இது நியாயமான கேள்வி. பெயர் தவறாக இருந்தபோதும் மண்வெட்டி சரியான இடத்தில்தான் விழுந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளை இழையைக் கண்ணால் பார்த்துத்தானே தோண்டினார்கள்! ஆனால் ஒரு நோய் மலாயாவில் ஒரு பெயரிலும் மற்றோர் இடத்தில் இன்னொரு பெயரிலும் எழுதப்பட்டால், ஓரிடத்தில் கற்ற பாடம் மற்றோரிடத்துக்குப் போய்ச் சேராது. இந்தக் காளான் பால்மரத்தோடு நிற்பதில்லை. தேயிலை, கொக்கோ, மரவள்ளி ஆகியவற்றின் வேர்களிலும் பதிவாகியுள்ளது. உறைச்சீட்டுகளில் மரத்தின் பெயர் எழுதப்பட்டதால்தான் இத்தனைக்கும் பகைவன் ஒருவனே என்பதைக் கோத்துப் பார்க்க முடிந்தது.

அந்தத் தோண்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோய் கண்ட மரத்தைச் சுற்றி ஆழமாகக் கான் வெட்டி, மற்ற மரங்களின் வேர்களிலிருந்து பிரிப்பது தொடக்க கால முறை. வெட்டிய கானில் மழைக்கு மண் சரியும். மறுபடியும் தூர் வார வேண்டும். அதோடு அடிக்கட்டைகளையும் வேர்களையும் முழுவதுமாகக் கிளறி எடுத்து எரிப்பதும் உண்டு. காட்டுமரத்தின் ஆணிவேரைச் சங்கோலாலும் கோடரியாலும் எடுப்பது எத்தகைய உழைப்பு என்பதை, காலைப் பிரட்டுக்கு நின்று அந்த வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாம் அறிவோம். செலவு கூடுகிறதே என்று நிருவாகங்கள் கவலைப்பட்டன. முதுகெலும்பைப் பற்றி அறிக்கை எழுதியவர் எவரும் இலர்.

1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய நேப்பர் 1932இல் வேறொரு திட்டத்தை வெளியிட்டார். எல்லா இடத்தையும் கிளற வேண்டாம். இளமரங்களின் அடிக்கழுத்து மண்ணை முறையாக விலக்கிப் பாருங்கள். வெள்ளை இழை தெரிந்தால் அந்த வேரைப் பிடித்துக்கொண்டே போய், நோய் எந்தக் கட்டையிலிருந்து புறப்பட்டதோ அந்தக் கட்டையை மட்டும் எடுங்கள். இதுதான் அதன் சாரம். திருடனின் காலடியைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போகும் முறை இது. என் எண்ணத்தில் பால்மர நோய் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். காளான் எப்படி வாழ்கிறது என்பதை அறிந்த பிறகு கண்ட வழி இது. வெறும் பயத்தில் கண்ட வழியாக இருந்திருந்தால் நாடு முழுவதும் கிளறிக்கொண்டே இருந்திருப்போம். பிற்பாடு கட்டைகளுக்கு மருந்திட்டு விரைவில் மக்கச் செய்ததும், வெட்டுமுகத்தில் கிரியோசோட் பூசியதும், வரிசைகளுக்கு இடையே பியூரேரியா போன்ற மூடுபயிர்க் கொடிகளை வளர்த்ததும் சேர்ந்துகொண்டன. மூடுபயிரின் நிழலிலும் ஈரத்திலும் பழைய வேர்கள் சீக்கிரம் மக்கிப்போகும். காளானின் இழைகளும் இரையில்லாத இடங்களில் படர்ந்து வலுவை இழக்கும்.

மீண்டும் பெட்டிகளுக்கு வருவோம். 1929இல் சிங்கப்பூர்ப் பூங்காவில் உதவி இயக்குநராகச் சேர்ந்த கார்னர் என்ற இளைஞர் காளான்களில் பெரும் ஈடுபாடு கொண்டவர். பெரிய மரங்களின் உச்சியிலிருந்து கிளைகளைப் பறித்துவரப் பெரோக் குரங்குகளைப் பழக்கியவரும் அவரே. அது தனிக் கதை. 1932இல் அவர் மரத்தட்டுக் காளான்களின் சதையை நுண்ணோக்கியின் கீழ் இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். சிலவற்றில் ஒரே வகை இழை, சிலவற்றில் இரண்டு வகை, சிலவற்றில் மூன்று வகை எனக் காட்டினார். நிறம் மங்கினாலும் இழையின் அமைப்பு மங்காது. ஆகவே நூறாண்டு உலர்ந்த மாதிரியையும் நேற்று எடுத்த மாதிரியையும் அருகருகே வைத்து நியாயமாக ஒப்பிட ஒரு வழி பிறந்தது. இந்த முறை பிறந்த இடம் நம் சிங்கப்பூர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது இந்த உறைகளும் நூல்களும் குப்பையாகப் போயிருக்கக்கூடும். கார்னரும் ஹோல்ட்டமும் அங்கேயே இருந்து பணியைத் தொடர்ந்தார்கள். தனகடத்தே என்ற ஜப்பானியப் பேராசிரியர் அதற்கு இடங்கொடுத்தார். காப்பகம் பிழைத்தது. பகைவருக்குத் துணைபோனார் என்ற பழிச்சொல்லைக் கார்னர் பிற்காலம் வரையில் சுமக்க நேர்ந்தது. ஊரே பட்டினியில் கிடந்தபோது காய்ந்த காளானைக் காப்பாற்றினார்களே என்று ஒருவர் கசந்துகொண்டால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அன்று அவை அழிந்திருந்தால் பிறகு எதைக் கொண்டும் அவற்றை ஈடுசெய்ய முடிந்திராது.

சீட்டில் ‘சேகரித்தவர்’ என்ற இடத்தைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூர்க் காப்பகத்தின் சீட்டுகளில் ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்களோடு முகம்மது நூர், ஙாடிமான் போன்ற மலாய்ச் சேகரிப்பாளர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவர்கள் காட்டை வீட்டைப்போல் அறிந்தவர்கள். பெயர் நிற்பது முறைதான். நோயுற்ற வேரைத் தோண்டி எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்த தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை. ‘பால்மர வேரில்’ என்ற குறிப்பைப் படிக்கும்போது, அந்த வேர் தானாக மேலே வந்துவிடவில்லை என்பதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட இடங்களிலும் இதே கதை மறுபடி நடந்தது. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மாவை 1931இல் தாம்சன் இந்நாட்டில் பதிவு செய்தபோது கானோடெர்மா லூசிடம் என்று குறித்தார். பிறகு ஸ்டேயர்ட் என்ற பெல்ஜிய அறிஞர் காப்பகங்களில் இருந்த பனைக் காளான்களை ஆராய்ந்து 1967இல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பின், கானோடெர்மா போனினென்ஸ் என்ற பெயர் நிலைத்தது. ஜப்பானைச் சேர்ந்த போனின் தீவுகளிலிருந்து வந்த மாதிரிக்கு 1889இல் வைத்த பெயர் அது. பகாங்கிலும் ஜொகூரிலும் செம்பனையைச் சாய்க்கும் காளான் எங்கோ ஒரு பசிபிக் தீவின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது இப்படித்தான்.

வெள்ளை வேர்க் காளானின் பெயர் விவகாரமோ இன்னும் தீரவில்லை. 2014இல் வெளியான மரபணு ஆய்வொன்றில் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கக் கண்டம் ஆகிய இடங்களில் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டார்கள். அமெரிக்க வெப்பநாட்டுக் காளான் ஒரு பக்கமும், பால்மரத்தைக் கொல்லும் நம் பக்கத்துக் காளான் வேறு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. பால்மரத்தின் தாயகமான தென்னமெரிக்காவில் வெள்ளை வேர் நோய் பெருந்தொல்லையாக ஏன் இல்லை என்பதற்கும் இது ஒரு குறிப்பாகலாம். இரண்டும் வெவ்வேறு இனம் என்று முடிவானால், மைக்ரோபோரஸ் என்ற பெயர் சுவார்ட்ஸ் கண்ட மேற்கிந்தியக் காளானுக்கே உரியதாகும். நம் காளானுக்கு வேறு பெயர் தேட வேண்டிவரும். பெயரிடும் விதிப்படி புதுப்பெயர் சூட்டுமுன் பழைய பெயர்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த வரிசையில் 1833ஆம் ஆண்டு கிளாட்ஷ் வைத்த லிக்னோசஸ் என்ற பெயரும், அதற்குச் சான்றாக அவர் ஆராய்ந்த உலர்ந்த மரத்தட்டும் காத்திருக்கின்றன.